மாமரத்துக் கொபௌ

அசாமியப் புத்தாண்டான பிஹு பிறக்கும் காலையில் ரூபஹியின் தறியில், மரக்கிளையைப் பற்றி வளரும் கொபௌ ஆர்க்கிட்டின் பூங்கொத்து ஒன்று செருகியிருக்கும். யார் வைத்தது என்று ஒருவரும் சொன்னதில்லை. மற்றப் பெண்களுக்கு அண்ணன் தம்பிமார் மரமேறிப் பறித்துத் தருவார்கள். அப்பாவை ஆற்றுக்குக் கொடுத்துவிட்டு, அம்மா பிறந்த ஊருக்கே அம்மாவோடு வந்துவிட்ட ரூபஹிக்கு யார் இருக்கிறார்கள்? கொண்டையில் அந்தப் பூ இல்லாமல் பிஹு ஆட வந்தால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை அவள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

வைத்தவர் டங்கேஸ்வர் மாமா. மாஜுலித் தீவின் அந்த ஊரில் பஜனைக் கூடத்துக்கு விளக்கேற்றுகிறவர், தனிக்கட்டை. ஒரு பிஹுவன்று அவர் துண்டில் மாமரத்துப் பாசி ஒட்டியிருந்ததைப் பார்த்துத்தான் ரூபஹிக்கே விளங்கியது.

அவர் வாசல் மாமரத்துக் கிளையில்தான் ஊரின் கடைசிக் கொபௌ தொங்கியது. முன்பு மரத்துக்கு மரம் இருந்ததுதான். ஆறு கரையை அரித்துப் பாதி மரங்களைக் கொண்டுபோயிற்று. நின்ற மரங்களில், பிஹு வந்தால் ஒரு கொத்து விடாமல் ஆசையாய்ப் பறித்தார்கள். எல்லாம் கொண்டைக்குப் போய்விட்டால் காய் எங்கே, விதை எங்கே?

ஓர் ஆண்டு, பிஹுவுக்குச் சில நாள் முன்பு, பிரம்மபுத்திரா மாமரத்தின் வேர்வரை வந்துவிட்டது. ஊரே வீட்டைப் பிரித்துப் படகில் ஏற்றியது.

பக்கத்து வீட்டுப் புனிராம் விடவில்லை. "மரத்த வெட்டி வித்துடுய்யா. ஆத்துக்குச் சும்மா குடுத்தா புண்ணியமா வரும்?"

"மரம் ஆத்துக்குத்தான், புனிராம். அதுமேல குடியிருக்கறது ஆத்துக்கு இல்ல."

"பொண்டாட்டி இருந்திருந்தா இப்படிப் பூவைக் கட்டிக்கிட்டு அழுவியா?"

மாமா சிரித்துவிட்டுக் கயிற்றோடு ஏறினார். ரூபஹி ஓடிவந்தாள்.

"மாமா, கரை வெடிச்சிருக்கு! எனக்குப் பூவே வேணாம், இறங்குங்க!"

"பூப் பறிக்க யாரு ஏறினா? கயித்தப் புடி."

கொபௌவின் வேரைப் பிய்க்காமல், அது பற்றியிருந்த கிளையையே பட்டையோடு அறுத்து மெல்ல இறக்கினார். சற்றுத் தள்ளிக் கரையில் ஒரு துண்டு தொப்பென்று விழுந்தது. "கோவிந்தா" என்றபடி கடைசியாக இறங்கினார். பூ ஒன்றும் உதிரவில்லை.

கிளையை ஈரத் துண்டில் சுற்றி, படகில் இருந்த ரூபஹியின் மடியில் வைத்தார்.

"நீங்களும் வாங்க மாமா."

"விளக்க யாரும்மா ஏத்தறது?"

அந்த மழைக்காலத்தில் மாமரம் போயிற்று, பிறகு பஜனைக் கூடமும். கூடம் போவதற்கு முன்பே காய்ச்சலில் மாமாவைப் பகவான் அழைத்துக்கொண்டார்.

அன்று படகு நகரும்போது தண்ணீரில் இறங்கி நின்று அவர் சொன்னது இதுதான்:

"அக்கரையில ஒரு நல்ல மரமாப் பாத்து இதக் கட்டு. இந்த வருஷம் கொண்டையில வெக்காதம்மா, காய்க்கட்டும். சிரிக்கறவங்க சிரிச்சுட்டுப் போகட்டும்."