றொசல்ல லயத்து நண்டுத் தொட்டி

1. டின்னுக்குள் வந்தவை

கடை திறந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. மழைக்கோட்டோடு ஒரு பெண் உள்ளே வந்து பிஸ்கட் டின் ஒன்றை மேசைமேல் வைத்தாள். மூடியில் ஆணியால் குத்திய துளைகள். உள்ளே ஏதோ சுரண்டுகிற சத்தம்.

"அண்ணே, நீங்கதானே தொட்டி செய்யிறவரு? இதுக்கு ஒரு வீடு வேணும்."

திறந்து பார்த்தேன். ஈரமணலில் மூன்று சங்குகள் கிடந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரிய சங்கு எழுந்து நடந்தது. அதன் வாயிலிருந்து ஊதா நிறக் கால்கள் நீண்டன. சங்குக்குள் குடியிருக்கும் கரை நண்டு.

ஹட்டன் டவுனில் ஒரு மீன்தொட்டிக் கடையில் இருபத்து மூன்று வருசமாக வேலை செய்கிறேன். கண்ணாடி வெட்டுவது, சிலிக்கன் பசை அடிப்பது, ஃபில்டர் பூட்டுவது, வீடுகளுக்குப் போய்த் தொட்டி கழுவிக் கொடுப்பது எல்லாம் நான்தான். கோல்ட் ஃபிஷ்ஷையும் கப்பியையும் பற்றி எந்த நேரத்தில் கேட்டாலும் சொல்வேன். நண்டைப் பற்றி ஒன்றும் தெரியாது.

முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவோம். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மகள், கறிக்கா வளக்கப் போறீங்க?" என்றார்.

அவள் சிரிக்கவில்லை.

பெயர் ஜெயந்தி. றொசல்லப் பக்கத்துத் தோட்டத்தில் பிள்ளை மடுவத்தில் வேலை. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மாரின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற இடம் அது. முன்பு கொழும்பில் கார்மென்டில் இருந்தவள். அங்கே மீன் லொறியில் வந்துபோன மன்னார்ப் பையன் அன்டனைக் கட்டிக்கொண்டு அவன் ஊருக்கே போயிருக்கிறாள். ஒரு வருசத்துக்கு முன்பு அவள் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. பார்க்க வேறு ஆள் இல்லை. இரண்டு பேரும் லயத்துக்கு, தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, வந்துவிட்டார்கள். அன்டனுக்குத் தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாட்டுகிற வேலை.

"கடல்ல நின்ன மனுசன் அண்ணே. இங்க வந்ததுலேர்ந்து பேச்சே கொறஞ்சு போச்சு. போன கிழமை ஊருக்குப் போய்ட்டு வரும்போது பஸ்ல ஏறாம நின்னாரு. நான்தான் கையப் புடிச்சு ஏத்தினேன். அவருக்குத் தெரியாம கரையில இதப் பொறுக்கி டின்ல போட்டுக்கிட்டேன். கினிகத்தேன தாண்டி டின்னத் தொறந்து காட்டினேன். சிரிச்சாரு அண்ணே. ஒரு வருசமா நான் பாக்காத சிரிப்பு."

ஹாஜியார் டின்னின் மூடியை மெல்ல மூடி வைத்தார். பிறகு என்னிடம், "மணி, புள்ளைக்கு நல்லா செஞ்சி குடுங்க" என்றார்.

2. என் பிழை

மூன்றடிக்கு ஒன்றரையடியில் ஆறு மில்லிமீட்டர் கண்ணாடி போட்டுத் தொட்டியைக் கட்டினேன். சிலிக்கனின் புளித்த வாடை போகும்வரை நாலு நாள் காய வைத்தேன். அதுவரை எல்லாம் சரி. அதற்குப் பிறகு செய்தவை முழுக்க மீன்காரன் புத்தியில் செய்தவை. அடியில் மூன்று அங்குலம் தொட்டிக் கல், மேலே வலை மூடி, குளிருக்கு நூறு வாட் பல்ப், ஒரு மூலையில் உப்புத் தண்ணீர்க் கிண்ணம்.

வெறும் தொட்டியை வட்டவளை பஸ்ஸில் பின்சீட்டில் வைத்துப் பிடித்துக் கொண்டுபோய் றொசல்லயில் இறக்கினேன். அறையின் ஒரு பக்கம் அம்மாவின் கட்டில். எதிர்ச் சுவரோரம் தொட்டியை வைத்தோம். அந்த அம்மாவுக்கு வலது கையும் வாயும்தான் வேலை செய்தன. நண்டுகளைப் பார்த்து, "மருமகன் ஊரு ஆளுங்களா? வாங்க வாங்க" என்றார்.

அன்டன் அப்போதுதான் வேலை முடிந்து வந்தான். உயரமான ஆள். என்னிடம் தலையை ஆட்டிவிட்டுக் கிண்ணத்தில் விரலை விட்டு நாக்கில் வைத்தான்.

"இது கடல் தண்ணி இல்லை அண்ணை. வெறும் உப்புத் தண்ணி."

மீனுக்கு நோய் வந்தால் கரைத்துப் போடுகிற உப்பு அது. நான் ஏதோ சமாளித்தேன். அவன் விரலைத் துடைத்துக்கொண்டு முகம் கழுவப் போனான்.

பத்து நாள் கழித்து ஜெயந்தி கடைக்குப் போன் எடுத்தாள். "அண்ணே, ஒண்ணு சங்கைவிட்டு வெளிய வந்து கெடக்கு. நாறுது."

போனேன். சின்ன நண்டு செத்திருந்தது. மற்ற இரண்டும் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தன. பல்ப் சூட்டைக் கொடுத்ததோடு காற்றையும் காய வைத்திருக்கிறது. தரையில் நடந்தாலும் இந்த நண்டு செவுளால்தான் மூச்சு விடுகிறது. காற்றில் ஈரம் இல்லாவிட்டால் மெல்ல மெல்ல மூச்சடைத்துச் செத்துப்போகும். வெளியே மழை. லயத்துச் சுவரெல்லாம் ஈரம். ஆனால் நான் கட்டிய தொட்டிக்குள் மட்டும் வறட்சி.

"விடு ஜெயந்தி" என்றான் அன்டன். "இது இங்க வாழாது. கடல்கரைச் சாமான் மலையில வாழாது."

அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் நண்டைப் பற்றி மட்டும் சொல்லவில்லை என்று எனக்கே விளங்கியது.

"நண்டு மேல பிழை இல்ல தம்பி" என்றேன். "எனக்குத் தெரியாம செஞ்சேன். கொன்னது நான்தான். இன்னொரு தடவ செய்ய விடுங்க."

இருபத்து மூன்று வருசத்தில் வாடிக்கையாளர் வீட்டில் நின்று இப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

3. மறுபடி கட்டியது

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போவதற்கு முன்னால் கிடைத்ததையெல்லாம் படித்தேன். கொழும்பிலிருந்து சூடும் ஈரமும் காட்டுகிற மீட்டரும், கரைத்தால் கடல் தண்ணீராகிற மெரைன் சோல்ட்டும் வருவித்தேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்காக, அன்று செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

கல்லை முழுக்க அள்ளிக் கொட்டினோம். ஐந்து பங்கு மணலுக்கு ஒரு பங்கு தேங்காய்த் தும்புத்தூள். அதை மெரைன் சோல்ட் கரைத்த தண்ணீரால் பிசைந்தோம். கையில் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், தண்ணீர் ஒழுகக் கூடாது. எட்டு அங்குல ஆழத்துக்குப் போட்டோம். தோலுரிக்கிற நேரத்தில் நண்டு முழுதாகப் புதைந்துகொள்ளும், அதற்கு ஆழம் வேண்டும். வலை மூடியைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி மூடி. பல்புக்குப் பதிலாகச் சூடு கொடுக்கிற ஹீட் மேட். அதை அடியில் வைக்கக் கூடாது, புதைந்திருக்கிற நண்டு வெந்துபோகும். பின்பக்கக் கண்ணாடியில், மணல் மட்டத்துக்கு மேலே ஒட்டினேன். சூடு வெளியே போகாமல் இருக்க அதன்மேல் ரெஜிஃபோம் தட்டு. சூடு இருபத்தாறு, ஈரம் எண்பது. இரண்டையும் மீட்டரில் தினமும் பார்க்க வேண்டும்.

தண்ணீர்க் கிண்ணம் இரண்டு. ஒன்று நல்ல தண்ணீர், ஒன்று கடல் தண்ணீர். டவுனில் என்றால் குளோரின் போக மருந்து விட வேண்டும். லயத்துக்கு மலை ஊற்றிலிருந்து வருகிற தண்ணீர் என்பதால் அந்தத் தொல்லை இல்லை.

அன்டன் முதலில் ஒதுங்கித்தான் நின்றான். நான் மணலைத் தட்டி மட்டம் பண்ணுவதைப் பார்க்கப் பொறுக்காமல் வந்து உட்கார்ந்தான்.

"அப்பிடி இறுக்காதேங்கோ அண்ணை. ஒரு பக்கம் மேடாக் கிடக்கட்டும். கரையில தாழம்பத்தைக்குக் கீழ, ஈரச் சருகுக்குள்ளதான் இதுகள் பகல்ல கிடக்கும்."

தாழை கிடைக்காது. அதற்குப் பதிலாக ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து, கல்லில் படர்ந்திருந்த பாசியைக் கழுவி மேலே போட்டான். தீனிக்கு நெத்தலிக் கருவாடும் தேங்காய்ச் சொட்டும் வைத்தான். வேலையோடு வேலையாகப் பேச ஆரம்பித்தான். விடியப் போகிற படகு, கச்சான் காற்று, வலையில் ஏறுகிற கும்பிளா மீன், அப்பா சொன்ன கதைகள். கட்டிலில் இருந்த அம்மா, "இவ்வளவு பேச்சா வச்சிருந்தீங்க மருமகனே" என்றார்.

கடைசியில் மெரைன் சோல்ட் கரைத்த தண்ணீரில் விரலை வைத்து நாக்கில் தொட்டான். இந்தத் தடவை விரலை மறுபடியும் முக்கி நாக்கில் வைத்தான். எழுந்து வாசலுக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். ஜெயந்தி பின்னால் போகப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

4. தோண்டக் கூடாது

ஆனி மாதம் அன்டனின் அண்ணனிடமிருந்து போன் வந்தது. படகுக்கு ஆள் இல்லை, இரண்டு கிழமைக்கு வா என்று. போனான். இரண்டு கிழமை ஒரு மாதமாயிற்று, அதற்குப் பிறகும் வரவில்லை. முதலில் தினமும் பேசினான். பிறகு கடலுக்குப் போனேன், களைப்பு, கவரேஜ் இல்லை என்று ஆகிவிட்டது.

அவன் போன நாலாம் நாள் பெரிய நண்டு மணலுக்குள் போனது. போனது போனதுதான். மூன்று கிழமையாகியும் அசைவு இல்லை. ஜெயந்தி கடைக்கே வந்துவிட்டாள்.

"தோண்டிப் பாத்துடவா அண்ணே?"

"நாத்தம் வருதா?"

"இல்ல."

"அப்ப தோண்டாதீங்க. தோலுரிக்குது. கழட்டின தோலையும் தின்னு, புதுத் தோல் இறுகினதுக்கு அப்புறம்தான் மேல வரும். அதுக்கு முன்னால கை வச்சா செத்துரும்."

"உள்ள உசிரோட இருக்குன்னு எப்படி நம்புறது?"

அதற்கு என்னிடம் மீட்டர் எதுவும் இல்லை. அதைத்தான் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு பேருமே போய்ட்டாங்கன்னு நெனைச்சேன்" என்றாள்.

அந்தக் கிழமையே காற்று கிளம்பியது. சவுக்கு மரம் கம்பியில் விழுந்து தோட்டத்துக்கு மூன்று நாள் கரண்ட் இல்லை. நான் போனில் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். போத்தல்களில் சுடுதண்ணீர் நிரப்பி, சாக்கால் சுற்றித் தொட்டியின் நாலு பக்கமும் வைத்து, மேலே கம்பளி. போத்தல் ஆற ஆற மாற்ற வேண்டும். அவள் பிள்ளை மடுவத்துக்குப் போகிற நேரத்தில் அம்மா கட்டிலில் இருந்தபடியே மீட்டரைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுவாராம். "இருவத்தி ரெண்டு! இருவத்தி ரெண்டுக்கு எறங்கிருச்சு!"

ஏழாவது கிழமை மணல் பிளந்தது. ஜெயந்தி போட்டோ அனுப்பினாள். நண்டு கழுவி வைத்த மாதிரி பளிச்சென்று இருந்தது. பழைய சங்கை விட்டுவிட்டு, மாற்றிக்கொள்ளட்டும் என்று நான் தொட்டியில் போட்டிருந்த பெரிய வெற்றுச் சங்குக்கு மாறியிருந்தது.

"அன்டனுக்கு அனுப்பினீங்களா?"

"அனுப்பினேன் அண்ணே. ஒண்ணும் எழுதல. போட்டோ மட்டும்."

மூன்றாம் நாள் அவன் வந்துவிட்டான், தோளில் ஒரு சாக்கு நிறையச் சங்கோடு. மறுநாள் இரண்டு பேரும் கடைக்கு வந்து நடந்ததைச் சொன்னார்கள்.

"நண்டப் பாக்கத்தானே வந்தீங்கன்னு கேட்டேன் அண்ணே" என்றாள் ஜெயந்தி.

அன்டன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "உன்னைப் பாக்கத்தான் வந்தனான். வரப் பயமா இருந்துது. வந்தா திரும்பவும் கடலை விட்டிட்டு இருக்கோணும் எண்டு. நண்டு வாறதுக்கு ஒரு சாட்டு."

"அப்ப சங்கு?" என்றாள் அவள்.

"அதுவும் சாட்டுத்தான்."

ஹாஜியார் அவனுக்கு ஒரு கப் பிளேன்டி கொண்டுவரச் சொன்னார். அவர் வாடிக்கையாளருக்கு அப்படிச் சொல்கிற ஆள் இல்லை.

5. இப்போது

அதற்குப் பிறகு அன்டன் போகவில்லை. அம்மாவைத் தூக்கிக் குளிப்பாட்டுவதும் அவன்தான் என்று ஜெயந்தி சொல்வாள். ஒன்றரை வருசத்துக்குப் பிறகு அந்த அம்மா தூக்கத்தில் போய்ச் சேர்ந்தார். காரியங்கள் முடிந்து இரண்டு பேரும் மன்னாருக்குக் கிளம்பினார்கள். நண்டுகளையும் கூட்டிப் போனார்கள். பொறுக்கிய அதே கரையில் விட்டார்களாம். இரண்டும் திரும்பிப் பார்க்காமல் தாழம்பத்தைக்குள் போய்விட்டன என்று ஜெயந்தி சொன்னாள். தொட்டி என்னிடம் வந்தது. அதில் இப்போது கப்பி நிற்கிறது.

தொழில் செய்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு உயிரைக் கொண்டுவந்து வீடு கேட்டால், எத்தனையடித் தொட்டி என்று முதலில் கேட்காதீர்கள். எங்கே இருந்தது, அங்கே காற்று எப்படி, தண்ணீர் எப்படி, பகலில் எங்கே ஒளியும் என்று கேளுங்கள். தொட்டி கட்டுவது ஒரு நாள் வேலை. இடம் மாறிய உயிரைப் பார்த்துக்கொள்வது ஒரு நாளில் முடிகிற வேலை இல்லை. இதைத் தெரிந்துகொள்ள என்னால் ஒரு நண்டு செத்தது.

அந்த இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். அன்டன் படகில். ஜெயந்திக்கு ஒரு பாலர் பாடசாலையில் வேலை. எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். போன ஆடியில் ஒரு பின்னேரம் போன் அடித்தது.

"அண்ணே, அங்க மழையா?"

"காலையிலேர்ந்து ஊத்துது. ஏன்மா?"

"ஒண்ணுமில்ல. இங்க ஒரே வெயிலு. உப்புக் காத்து. அவரு பாவம், கேட்டதெல்லாம் செய்யிறாரு. அவருகிட்ட சொல்ல முடியல." குரலைத் தணித்தாள். "லயத்துத் தகரத்துல மழை விழுற சத்தம் கேட்டு எவ்வளவு நாளாச்சு."

எங்கள் கடைக்குப் பின்னால் சிலிக்கன் அடிக்கிற கொட்டில் தகரக் கூரைதான். அங்கே போய்ப் போனைக் கூரைப் பக்கம் உயர்த்திப் பிடித்தேன். கை வலித்து இறக்கினபோது அவள் குரல் கேட்டது.

"வச்சிடாதீங்க அண்ணே. இன்னும் கொஞ்ச நேரம்."

கையை மாற்றி மறுபடி உயர்த்தினேன். உள்ளே மீன் தீனி வாங்க ஒருவர் வந்து நின்றார். ஹாஜியார் என்னைக் கூப்பிடவில்லை. அவரே எழுந்து நிறுத்துக் கொடுத்தார்.