மீசை வைத்த மணப்பெண்

“…ரெண்டு வீடு அண்ணை. ஒண்டிலை இருக்கினம், மற்றது வாடகைக்கு. பெடியனுக்குச் சொந்தமா பார்மசி. கூடப்பிறந்தவை எண்டு ஒருத்தரும் இல்லை, நாளைக்குப் பங்கு கேட்டு ஆரும் வரமாட்டினம்” என்று நண்பர் அடுக்கிக்கொண்டே வந்தார். லண்டன் வெம்பிளியில் கார் புறப்பட்டதிலிருந்து இதே பேச்சுத்தான். பார்க்கப் போகும் நாடகத்தின் இடைவேளையில் தேநீர் குடிக்கும்போது, சட்டனில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கு ஓமென்று சொல்லிவிடப் போகிறாராம்.

எங்கள் ஆட்கள் பெண் பார்ப்பதைப் பெரும்பாலும் வீட்டில் வைப்பதில்லை. கோயிலிலோ யாரோ ஒருவரின் கலியாணத்திலோ தற்செயலாகச் சந்தித்ததுபோலச் சந்திப்பார்கள். சரிவராவிட்டால் இரண்டு பகுதிக்கும் முகம் கெடாது. நண்பரின் மகள் ஒரு தேவாலய மண்டபத்தில், சில நூறு வருடம் பழமையான, பாட்டாகவே நடிக்கும் பகிடி நாடகமான ஒபரா ஒன்றில் பாடுகிறாள். அதைவிடத் தோதான இடம் ஏது என்று அவர் மாப்பிள்ளையின் தாய் தகப்பனை அங்கே வரச்சொல்லியிருந்தார். மகளுக்குத் தெரியாது. என்ன கதை, அவளுக்கு என்ன வேஷம் என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அரங்கேற்றம் பார்த்தே பழகிய எங்களுக்கு, பிள்ளை நடுவிலே பட்டுடுத்தி நிற்பாள் என்றுதான் நினைப்பு.

ஒரு மாதத்துக்கு முன்புதான் அவள் தன் மனதில் இருப்பவனைப் பற்றித் தகப்பனிடம் சொல்லியிருந்தாள். செவன் கிங்ஸ் பக்கத்துத் தமிழ்ப் பெடியன். வாடகை அறை. அந்த ஒபராவுக்கு, பியானோவின் பாட்டன் மாதிரி இருக்கும் ஹார்ப்சிகோர்ட் வாசிப்பவன். “பெட்டியைத் தட்டினால் சோறு வருமோ” என்று நண்பர் கேட்டதோடு வீட்டில் பேச்சு நின்றுபோனது.

மேடையில் ஓர் ஏழைத் தோட்டக்காரன், ஒரு பெண், அவளைக் கேட்டு வரும் பணக்காரக் கிழவன். கிழவன் பெரிய வயிறும் முறுக்கு மீசையுமாக வந்து தன் சொத்தைப் பாட்டாகப் பாடினான். மில் இருக்கிறது, தோட்டம் இருக்கிறது, பங்கு கேட்க உடன்பிறந்தவர் இல்லை. மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. மாப்பிள்ளையின் தாய் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே நண்பரின் பக்கம் குனிந்தா.

“பிள்ளை எப்ப வருவா அண்ணை?”

“இப்ப நிக்கிறாதானே.”

“சிவப்புச் சட்டையோ?”

“இல்லை. வயிறும் மீசையும் வைச்சவ.”

அதன்பிறகு அந்த அம்மாவும் சிரிக்கவில்லை, நண்பரும் நிமிரவில்லை. மேடையில் பெண் தோட்டக்காரனோடு போய்விட்டாள். தனியே விடப்பட்ட கிழவன் மெதுவாக ஒரு பாட்டு எடுத்தான். அப்போதுதான் கவனித்தேன். ஹார்ப்சிகோர்ட் பெடியன் தாளைப் பார்க்கவே இல்லை. கிழவன் வேஷத்தில் அவள் மூச்செடுக்கும் இடங்களில் அவனுடைய கை அந்தரத்தில் நின்று, மூச்சு வந்த பிறகே இறங்கியது. ஓர் இடத்தில் அவள் கொஞ்சம் கூடுதலாகவே நின்றுவிட்டாள். அவனும் நின்றான். நண்பரும் இப்போது நிமிர்ந்து அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடைவேளைக்கு எல்லோரும் தேநீருக்குப் போனார்கள். சட்டன்காரர் மேசையடியில் எங்களைப் பார்த்தபடி நின்றார்கள். நண்பர் என் முழங்கையைப் பிடித்தார்.

“அந்தக் கிழவன்ர பாட்டு, கார்ல நான் சொன்னதுகள்தான் அண்ணை. சனம் சிரிக்கேக்கதான் எனக்கு என்ர குரல் கேட்டது.”

“அவை பதிலுக்குப் பாத்துக்கொண்டு நிக்கினம்” என்றேன்.

“ஓம். சொல்லத்தான் போறன்.”

போய்க் கைகூப்பினார். பெடியனில் ஒரு குறையும் இல்லை, பிள்ளையைக் கேளாமல் வரச்சொன்னது தன்னுடைய பிழை என்று சுற்றிவளைக்காமல் சொன்னார். மாப்பிள்ளையின் தகப்பன் கோப்பைக்குள் பார்த்தார். தாய்தான் சமாளித்தா.

“அதுக்கென்ன அண்ணை. நாங்கள் தற்செயலாத்தானே சந்திச்சனாங்கள்.”

அந்தப் பேச்சின் பெருந்தன்மை இன்றைக்கும் என் மனதில் இருக்கிறது. கோபம் இல்லாமல் இருந்திருக்காது. வழக்கம் கொடுத்த கதவால் தானும் வெளியேறி, எங்களையும் கௌரவமாக வெளியே விட்டா.

நண்பர் இரண்டு தேநீர் வாங்கினார். ஒன்று எனக்கு என்று நினைத்துக் கையை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டி மண்டபத்துக்குள் போனார். காலி நாற்காலிகளுக்கு முன்னால், சனச் சூட்டில் இளகிப்போன தந்திகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டுச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தான் அந்தப் பெடியன். நண்பர் இரண்டு கையிலும் கோப்பையோடு, அவன் கடைசித் தந்தியை முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார்.