நடுவில் விட்டுப்போன துண்டு

என் அத்தையின் வேலை என்னவென்று எங்கள் வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியாது. "ஏதோ அணு ஆராய்ச்சி" என்று அப்பா மழுப்பிவிடுவார். எனக்கு மட்டும் கொஞ்சம் தெரியும். கல்லூரி விடுமுறையில் அவளைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தவள் நான்.

ஹைட்ரஜன் அணுவில் ஒரு புரோட்டான், அதைச் சுற்றி ஒரு எலக்ட்ரான். எலக்ட்ரானை எடுத்துவிட்டு, அதைப்போல இருநூறு மடங்கு கனமான மியூவான் என்ற துகளை அங்கே வைத்தால், அது கிட்டத்தட்ட இருநூறு மடங்கு நெருக்கத்தில் குடியிருக்கும். எட்ட இருக்கும் எலக்ட்ரானுக்குப் புரோட்டான் ஏறக்குறைய வெறும் புள்ளிதான். ஒட்டி இருக்கும் மியூவானுக்கோ அதன் பருமனும் தெரியும், தொட்டால் அது நெளிவதும் தெரியும். அதனால் மியூவானின் ஆற்றல் மட்டங்கள் துளி இடம் மாறும். எவ்வளவு மாறும் என்று கணக்குப் போடுவதுதான் அத்தையின் பிழைப்பு.

இந்தக் கணக்கில் ஒரு பகுதியை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். மியூவான் புரோட்டானை இரண்டு முறை தொடுகிறது என்று வையுங்கள். நடுவில் புரோட்டான் கலையாமல் இருந்தால் அந்தப் பங்கு வேறோர் ஊர்ப் பேராசிரியருக்கு, கலைந்தால் அத்தைக்கு. அவரை இவள் நேரில் பார்த்ததே இல்லை, எல்லாம் மின்னஞ்சல்தான். "உங்க பேனா நண்பர் எப்படி இருக்கார்?" என்று அம்மா கிண்டலடிப்பாள்.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், ஆய்வுக்கூடத்தில் அளந்த எண்ணுக்குக் கொஞ்சம் குறைந்தது. அத்தை தன் பங்கைத்தான் சந்தேகப்பட்டாள். எது நடந்தாலும் முதல் குற்றவாளி தான்தான் என்று நினைக்கிற பிறவி அவள். வருஷக்கணக்காகப் போட்ட கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூன்றாம் மாடியில் ஓர் அறை, ஒரு மேசை, ஒரே ஒரு நாற்காலி. யாராவது வந்தால் நாற்காலியைக் கொடுத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துகொள்வாள். யாரும் அதிகம் வரவில்லை என்பது வேறு விஷயம்.

போன வருஷம் அவளுக்குப் பித்தப்பையில் கல், ஆபரேஷன். அப்பாவும் சித்தப்பாவும் அவளுக்கு அடுத்தடுத்துப் பிறந்த தம்பிகள். ஆளுக்கொரு முறை வந்து பழம் கொடுத்துவிட்டுப் போனார்கள். டிஸ்சார்ஜுக்கு முந்தைய சாயங்காலம் அப்பா போன் செய்தார்.

"நாளைக்குத் தம்பி வந்துடுவான்ல அக்கா? அவன் வீடு பக்கம்தானே."

"வந்துடுவான்."

கொஞ்ச நேரத்தில் சித்தப்பா கூப்பிட்டார். "அண்ணன் கார் எடுத்துட்டு வந்துடுவார்லக்கா? எனக்கு ஒரு மீட்டிங்."

"நீ வேலையைப் பாருடா."

யாராவது வாங்கடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய்விட்டுக் கேட்பது அவளுக்கு வேப்பங்காய். ஆனாலும் இரண்டு பேரில் ஒருவன் வந்துவிடுவான் என்று உள்ளுக்குள் ஆசையாக இருந்ததாம். இதெல்லாம் பின்னால் நான் நச்சரித்து வாங்கியது.

மறுநாள் காலை பையைக் கட்டிக்கொண்டு வாசலோரப் பெஞ்சில் உட்கார்ந்தாள். தானாகத் திறந்து மூடுகிற கதவு. திறந்தபோதெல்லாம் நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்துப் படுக்கைக்காரியை ஒரு கூட்டமே வந்து சிரித்துப் பேசி அழைத்துப்போயிற்று. மதியமாகிவிட்டது, தையல் போட்ட இடம் இழுத்தது. தரை துடைத்துக்கொண்டிருந்த பெண், "உங்க ஆளுங்க இன்னும் வரலையாம்மா?" என்றாள்.

"வந்துட்டே இருக்காங்க" என்று சொல்லிவிட்டு அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுததை என்னிடமும் ஒத்துக்கொள்ளவில்லை.

அவன் வருவான் என்று இவன், இவன் வருவான் என்று அவன். அதை நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் அத்தைக்குப் பொறி தட்டியது. கலையாதது அவருக்கு, கலைந்தது எனக்கு, சரி. கணக்கைப் பிரிக்கும்போது இரண்டிலும் சேராமல் மிஞ்சுகிற சின்னத் துண்டு ஒன்று உண்டே, அதை யார் போட்டது? இவள் போட்டிருப்பாள் என்று பேராசிரியர் இருந்திருக்கிறார். அவர் போட்டிருப்பார் என்று இவள் இருந்திருக்கிறாள். இத்தனை வருஷத்தில் ஒருவரையொருவர் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவில்லை.

டாக்சி பிடித்து, தானே பையைத் தூக்கிக்கொண்டு, நின்று நின்று மாடி ஏறினாள். உடம்பு தேறியதும் அந்தத் துண்டைக் கணக்கிட்டாள். அளந்த எண்ணோடு இருந்த இடைவெளி முக்கால்வாசி அடைபட்டது.

கட்டுரை வெளியானதும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்.

"எப்படிக்கா கண்டுபிடிச்ச?"

"டிஸ்சார்ஜ் அன்னிக்கு, ஆஸ்பத்திரி பெஞ்சுல உட்கார்ந்திருந்தப்போ தோணுச்சு."

"அங்கயும் கணக்கா? தம்பி வந்து கூட்டிட்டுப் போற வரைக்கும் சும்மா இருந்திருக்கலாம்ல."

சித்தப்பா தட்டிலிருந்து நிமிர்ந்தார். "நான் எங்கண்ணா போனேன்? நீங்கதானே கூட்டிட்டு வந்தீங்க?"

அப்பாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அத்தை மட்டும் எப்போதும்போலச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"டாக்சி உடனே கிடைச்சுதுடா" என்றாள். "அந்தத் தண்ணியை இப்படித் தள்ளு."