வெளுக்கப் போகாத கோட்டு

"கோட்டு வெளுக்கப் போயிருக்குதுங்க" என்று சென்னிமலை சொன்னால், அது உள்ளறையில் ஆணியில் தொங்குகிறது என்று அர்த்தம்.

நாமக்கல் கடைவீதியில் அவருடைய போட்டோ பிடிக்கும் படக்கடை. வயது நாற்பத்தெட்டு. படம் கழுவும் மருந்துத் தண்ணீரில் விரல்நுனிகள் நிரந்தரமாகக் கறுத்தவை. கடை தொடங்கிய காலத்தில் படம் பிடிக்க வந்த வித்வான்கள் எல்லோருக்கும் அந்த ஒரே கறுப்புக் கோட்டைத்தான் மாட்டிவிட்டார். ஒல்லியானவர்களுக்கு முதுகில் ஊசி குத்தி இறுக்குவார். பருத்தவர்களுக்கு முதுகுத் தையலையே பிரித்துவிடுவார். முன்பக்கம் பொருந்தினால் போதும்.

ஒரு பங்குனியில் திருவிழா நோட்டீசுகள் நான்கைச் சுவரில் வரிசையாக ஒட்டினார்கள். தவில்காரர், பாகவதர், மிருதங்கக்காரர், ராஜபார்ட். நால்வருக்கும் ஒரே கோட்டு; நால்வருக்கும் இரண்டாவது பொத்தான் இல்லை. காப்பிக் கடையில் ஒருவர் கேட்டார்: "ஏனுங்க சென்னிமலை, கச்சேரி கோட்டோடதுங்களா? இவங்க நாலு பேரும் பக்கவாத்தியமா?"

அன்று முதல், யார் கேட்டாலும், கோட்டு வெளுக்கப் போய்விட்டது.

"மூஞ்சி எல்லாத்துக்குந்தான் இருக்குது. கையக் காட்டுங்க" என்பது அதற்குப் பிறகு வந்த வழக்கம். தவில்காரரின் விரல்கூடு, நாடகத் திரை எழுதுகிறவரின் நகக்கண்ணில் காய்ந்த காவி, இவை படத்தில் விழவேண்டும்.

கூரையில் வடக்குப் பார்த்து எட்டுக் கண்ணாடிகள். அந்த வெளிச்சத்துக்குக் காமிராவின் கண்ணாடித் தட்டில் உருவம் பதிய இரண்டு விநாடி ஆகும். ஆடாதே என்றால் மனிதர்கள் மூச்சை அடக்கிச் சிலையாகிவிடுகிறார்கள். அதனால் பாடுகிறவரை ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்வார். சுரம் நிலைத்தால் முகமும் நிலைக்கும், உயிரோடு. அப்போதுதான் காமிராவின் மூடியைத் திறப்பார்.

யுத்தத்தில் கண்ணாடித் தட்டு வருவது நின்றுபோனது. போன ஆவணியில், பெட்டியில் ஒரே தட்டு மீந்திருந்த ஒரு பகலில், பரமத்தி வேலூரிலிருந்து தெய்வநாயகி ஆர்மோனியத்தோடு வந்து இறங்கினாள். ஆர்மோனியம் மாதையனின் மகள். மாதையன் இறந்து மூன்று மாதம். சேலத்து நாடகக் கம்பெனிக்காரர் அவளுக்கு எழுதியிருந்தார்: நோட்டீசு நாளை அச்சுக்கு ஏறுகிறது. இன்று சாயங்காலத்துக்குள் படம் வந்தால் ஆர்மோனியத்துக்கு அவள். இல்லாவிட்டால் வேறு ஆள்.

அவள் பழைய நோட்டீசு ஒன்றைப் பிரித்தாள். சென்னிமலை எடுத்த மாதையன் படம். கோட்டோடு.

"ஏனுங்கண்ணா, எங்கய்யன் போட்டிருக்கிற இந்தக் கோட்டு ஊட்டுல எங்க தேடியும் ஆம்புடலீங்க. பொட்டி, அட்டாலி, அத்தை ஊடு, அத்தனையும் பாத்துட்டேன். ஆருக்குக் குடுத்தாரோ தெரியலீங்க. மடியில அதை வெச்சுத்தான் படம் புடிக்கோணும்னு இருந்தேன்."

வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்து நின்றது. சென்னிமலை உள்ளே போய்க் கோட்டை எடுத்து வந்தார்.

"இது கடைக் கோட்டுங்க அம்மணி."

அவள் திருப்பிப் பார்த்தாள். முதுகு முழுக்க ஊசித் துளை. துளைகளை விரலால் தடவினாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"பாவி மனுசன்! எம்பட கோட்டு, எம்பட கோட்டுன்னு சாகற மட்டும் பீத்திக்கிட்டாரே!"

சிரித்தாலும் கோட்டை மடியிலிருந்து எடுக்கவில்லை. சென்னிமலை தலையை ஆட்டினார். "வேண்டாம் அம்மணி. செத்தவங்க துணிமணிய மடியில வெச்சா, காரியத்துக்கு அடிக்கிற கார்டாட்டம் ஆயிரும். ஆர்மோனியத்துக்கு ஆளில்லைன்னு நெனைச்சுக்குவாங்க."

"அய்யனை உட்டா நான் ஆருங்க? அந்தக் கோட்டைப் பாத்தாத்தான் சனம் என்னைய ஏறிட்டுப் பாக்கும்."

அவர் கோட்டை வாங்கிக் காமிராவின் முக்காலியில், லென்ஸுக்கு நேர் கீழே மாட்டினார்.

"இதைப் பாத்து வாசி. ஒரே சுதி. போதும்கற வரைக்கும் உடாதே."

இடது கை துருத்தியை அசைத்தது. வலது கை ஒரு கட்டையில் நின்றது. சுரம் நிலைத்தது. மூடியைத் திறந்தார். ஒன்று, இரண்டு. மூடினார். அவள் நிறுத்தவில்லை. போதும் என்று சொல்ல அவருக்கும் அவசரமில்லை.

தட்டை மருந்தில் கழுவி, ஸ்பிரிட்டில் முக்கி, விசிறிக் காயவைத்துக் காகிதத்தில் படம் போட்டார். முகம் தெளிவாக எழுந்தது. கண் நேராகப் பார்த்தது. துருத்திக் கை மட்டும் புகையாகக் கலைந்திருந்தது.

"கை கெட்டுப்போச்சுங்களே அண்ணா!"

"கெடலே. வாசிக்கிற கை அப்படித்தான் இருக்கும். கோட்டுக்குள்ள நான் புடிச்சதெல்லாம் பொம்மைக் கை."

"கம்பெனிக்காரர் ஒத்துக்கோணுமுங்களே?"

அது அவருக்கும் தெரியாது. உறையில் போட்டு அனுப்பினால் கையைப் பார்த்ததும் தள்ளிவிடுவார்கள். கூடப் போய்ச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். சென்னிமலை கடையைப் பூட்டினார்.

பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் மூன்றரை மணி சேலம் பஸ்ஸில் இருவரும் ஏறினார்கள். தெய்வநாயகி முன்னால், ஆர்மோனியப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. சென்னிமலை ஜன்னலோரம். படம் இன்னும் ஈரம். இரண்டு மூலைகளைப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினார். புழுதி ஒட்டாதபடி பின்புறம் காற்றுக்கு, முகம் உள்ளே இருக்கும் சனத்துக்கு.

வெற்றிலைக் கட்டோடு உட்கார்ந்திருந்தவர் எட்டிப் பார்த்தார். "இதாருங்க, நம்ம மாதையன் புள்ளையா?"

"ஆர்மோனியம் தெய்வநாயகி" என்றார் சென்னிமலை. பின்வரிசைக்கும் தெரியும்படி படத்தை மெல்லத் திருப்பினார்.