கொசுறுத் தட்டு

சுடலைமுத்து எதையும் ஒருமுறையோடு விடமாட்டார். டீ கிளாஸை மேசைமேல் வைத்தால், கை விலகுமுன் அதன் அடியால் இன்னொரு சின்னத் தட்டு. கதவைச் சாத்தினால், சாத்திய கதவின்மேல் விரல்கணுவால் ஒன்று. பஸ்ஸிலிருந்து இறங்கி இரண்டு காலையும் ஊன்றிய பிறகு, வலது குதிகாலால் தரையில் ஒன்று. எஸ்டேட் பட்டறையில் இருபது வருஷம் சம்மட்டி பிடித்த உடம்பு. இரும்பின்மேல் ஓங்கி ஓர் அடி, உடனே பட்டறைக்கல்லின்மேல் சும்மா ஒரு தட்டு. அதற்கு அவர் வைத்த பேர் கொசுறு.

எழுபத்தெட்டாம் வருஷம், மலைக்குள் பாறை எப்படிக் கிடக்கிறதென்று அறிய மஞ்சூருக்கு மேலே ஒரு சர்வே கூட்டம் வந்தது. பட்டறையை விட்டபின் அந்தக் கூட்டத்தில் தினக்கூலியாகச் சாமான் சுமந்துவந்த சுடலைமுத்துவின் கைக்கு அந்த முறைதான் சம்மட்டி வந்தது. தரையில் பதித்த இரும்புத் தகட்டில் அவர் ஓங்கி அடிப்பார். அதிர்வு கீழே போய்ப் பாறையில் மோதித் திரும்பும். வரிசையாக மண்ணில் குத்திவைத்த இருபத்துநான்கு கருவிகள் அதைக் கேட்கும். ஆட்கள் அவற்றைக் காது என்றார்கள். கேட்டதெல்லாம் ஒரு பெட்டியிலிருந்து நெளிநெளியாய்க் காகிதத்தில் வரும். அதிர்வு திரும்ப எடுத்த நேரத்தை வைத்து ஆழத்தைக் கணக்கிடுவார்கள்.

பெட்டியைப் பார்த்துக்கொண்டவன் லெஸ்லி. இருபத்திரண்டு வயது, வாயைவிடக் கண்ணுக்கு வேலை அதிகம்.

எந்தக் காகிதத்தை எடுத்தாலும் ஆயிரம் அடியில் தெளிவாக ஒரு கோடு. மேட்டில் அடித்தாலும் ஆயிரம், பள்ளத்தில் அடித்தாலும் ஆயிரம். இன்ஜினியர் தனசிங் பூரித்துப்போனார்.

"மலைக்குள்ள ஆண்டவரு சிமெண்டுத் தரை போட்டு வச்சிருக்காரு தம்பி."

அந்த இரண்டாவது கோடு, முதல் அடியின் கோட்டை அச்சாகச் சின்னதாக்கி வைத்ததுபோல் இருந்தது லெஸ்லிக்கு. தலையைத் தூக்கிச் சுடலைமுத்துவைப் பார்த்தான். ஓங்கி ஓர் அடி. பிறகு தகட்டின்மேல் ஒரு கொசுறு. புரிந்துவிட்டது: அடிக்கும் கொசுறுக்கும் நடுவே மாறாத அந்த இடைவெளிதான் ஆயிரம் அடி. ஆனால் ஆறு வருஷம் தினக்கூலியாக இருந்த சுடலைமுத்துவைப் பர்மனென்ட் ஆக்கும் காகிதம் தனசிங்கின் பையில் கையெழுத்தில்லாமல் கிடந்தது. நான்கு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தான். ஐந்தாம் நாள், மலையில் துளைபோட மெஷினுக்கு எழுதப்போகிறேன் என்று தனசிங் பேனாவைத் திறந்தபோது சொல்லிவிட்டான்.

தனசிங் பேனாவை மூடினார். "சனிக்கிழமைக்குள்ள அந்தக் கொசுறு நிக்கோணும். இல்லீன்னா சம்மட்டிக்கு வேற ஆளு. பர்மனென்டும் அவனுக்குத்தான்."

சாயங்காலம் சுடலைமுத்து லெஸ்லியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏனுங்க தம்பி, நானா தட்டறேன்? கையில்லீங்களா தட்டுது." லெஸ்லி புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். "காட்டிக்குடுத்தவரே வழியும் காட்டிப்போடுங்க."

வெள்ளிக்கிழமை பூராவும் சோதனை. அடித்ததும் சம்மட்டியைக் கைநழுவ விடச் சொன்னார்கள், குதிகால் தட்டியது. கேபிள் இழுக்கும் அம்புரோஸைக் குனிந்து அவர் காலைக் கட்டிப்பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். தட்டு விரல்கணுவால் அம்புரோஸின் தலையில் விழுந்தது.

"ஏன் மாமா, எந்தலை என்ன பட்டறைக்கல்லுங்களா?"

"அதுக்குள்ளயும் ஒண்ணுமில்லீன்னு சத்தத்துலயே தெரியுது மாப்ள."

லெஸ்லி காகிதத்தைப் பார்த்தான். அம்புரோஸின் தலையில் விழுந்த தட்டு அதில் விழவேயில்லை. ஆயிரம் அடிக் கோட்டைக் காணோம். சுடலைமுத்துவின் கை தட்டட்டும்; மெத்தென்ற ஏதாவது ஒன்றின்மேல் தட்டினால் போதும். நேராக டீ ஃபேக்டரிக்கு நடந்தான்.

சனிக்கிழமை தகட்டுக்குப் பக்கத்தில் ஒரு மூட்டை தேயிலைத் தூள் உட்கார்ந்திருந்தது. அடி தகட்டில். கொசுறு மூட்டையில், பொத்தென்று. காகிதம் வந்தது. சிமெண்டுத் தரை போய்விட்டது. இத்தனை நாள் யாரும் கவனிக்காத மங்கலான கோடு மட்டும் மிஞ்சியது: இங்கே தொண்ணூறு அடி, அங்கே நூற்றைம்பது என்று கோணல்மாணலாய், பாறைக்கு உரிய ஒழுங்கீனத்தோடு.

தனசிங் கட்டிமுடித்த வீட்டை இடிக்கக் கொடுத்தவர்போல் நின்றார். பிறகு மூட்டையின்மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். சுடலைமுத்து காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பையின்மேல் ஒரு தட்டு தட்டினார்.

பர்மனென்ட் ஆனதும், ஊர் ஊராகப் போய்ப் புதிய சம்மட்டி ஆட்களைப் பழக்குவதுதான் அவர் வேலை. ஒன்பது வருஷம் கழித்து, ஊட்டி ஆபீசில் பழைய முகாம்களின் சாமான் பட்டியல்களை லெஸ்லி புரட்ட நேர்ந்தது. ராமநாதபுரம் பக்கத்து முகாம்: சம்மட்டி ஒன்று, இரும்புத் தகடு ஒன்று, காது இருபத்துநான்கு, தேயிலைத் தூள் மூட்டை ஒன்று. மற்ற பதினொரு முகாம்களிலும் அப்படியே. மனிதர், தான் பழக்கியவர்கள் எல்லோருக்கும் கொசுறையும் சேர்த்துத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார்.