கணவர் கையெழுத்து

மந்தாரக்குப்பத்தில் முதன்முதலாக ஆஸ்பத்திரி வைத்த பெண் டாக்டர் விஜயகுமாரி. நிலக்கரிச் சுரங்கத்தில் இன்ஜினியராக வேலை பார்த்த கணவரோடு திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர். சுரங்கக் கம்பெனியின் நகரியத்தில் நல்ல குவார்ட்டர்ஸ் இருந்தது. மனுஷி அங்கே சும்மா உட்காரவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து ஆறு கட்டில் போட்டார். நகரியத்து அம்மாக்களுக்கு அது ஜீரணமாகவே இல்லை. எழுபத்து நாலில் நான் அங்கே நர்ஸாகச் சேர்ந்தேன். பதினோரு வருடம் அவரிடம் வாங்காத திட்டு இல்லை, விட்டுப் போகவும் மனசு வரவில்லை.

பெண்கள் உரிமை என்று பேச ஆரம்பித்தால் அவருக்குச் சாமி வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் காண்ட்ராக்ட் தொழிலாளிகளின் மனைவிமாரை வராந்தாவில் உட்காரவைத்து, பிள்ளை போதுமா வேணுமா என்பதை நீங்கள் சொல்லுங்கள், உங்கள் உடம்பு உங்களுடையது என்பார். ஆனால் எங்கள் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் படிவத்தில் 'கணவர் கையெழுத்து' என்றுதான் கொட்டை எழுத்தில் இருந்தது. பண்ருட்டி அச்சகத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் அடித்துக் கொடுத்தார்கள். நாங்களும் கட்டுக்கட்டாக வாங்கி வைத்தோம். எங்கள் கண்ணில் அது படவே இல்லை. நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல்தான்.

எழுபத்தொன்பது சித்திரையில் ஒரு காலை, தலைப்பிரசவத்துக்குச் செல்லக்கிளியைக் கொண்டுவந்தார்கள். முந்தாநாள் பிடித்த வலி. குழந்தையின் தலை சிக்கியிருந்தது. ஆபரேஷன் செய்யாவிட்டால் இரண்டு உயிரும் போய்விடும். மயக்க மருந்து டாக்டரும் வந்து காத்திருந்தார்.

மாமியார் வீரம்மாள் கதவை மறித்து நின்றாள்.

"எம்புள்ள கையெழுத்து போடாம கத்தி வெக்கக் கூடாதுங்க."

அந்தப் பிள்ளை தங்கராசு, சுரங்கத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளி. ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குப் போயிருந்தான். கம்பவுண்டர் சைக்கிளை மிதித்துக்கொண்டு சுரங்கத்து கேட்டுக்கு ஓடினார். காவலாளி நோட்டை மூன்று தடவை புரட்டிவிட்டு, தங்கராசு என்று யாரும் உள்ளே போகவில்லை என்று அனுப்பிவிட்டார். கம்பவுண்டர் வெறுங்கையோடு திரும்பியபோது குழந்தையின் இதயத்துடிப்பு குறைந்துகொண்டிருந்தது.

டாக்டர் படிவத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதாவது ஆகிவிட்டால் ஊரே திரண்டு வரும். அதோடு ஆஸ்பத்திரியை மூட வேண்டியதுதான். கடைசியில் கட்டில் பக்கம் குனிந்தார்.

"உன் வீட்டுக்காரரைக் காணோம்மா. நீ என்ன சொல்றே?"

"பேனா குடுங்க" என்றாள் செல்லக்கிளி.

அஞ்சாவது வரை படித்தவள். வலிக்கு நடுவே பல்லைக் கடித்துக்கொண்டு, கணவருக்கென்று விட்டிருந்த இடத்திலேயே தன் பெயரை எழுதினாள். சட்டத்துக்கு அது போதும், வழக்கத்துக்குத்தான் போதாது. வீரம்மாளை நான்தான் தோளைப் பிடித்து நகர்த்தினேன்.

சற்று நேரத்தில் பெண்குழந்தை வீறிட்டு அழுதது. நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம்?

ஷிப்ட் முடிந்து, கரி படிந்த முகத்தோடு தங்கராசு ஓடி வந்தான். கூட்டாளி கண்ணையனுக்குக் காய்ச்சலாம். அவனுடைய கேட் பாஸைக் காட்டி, அவன் பெயரைச் சொல்லி இவன் வேலைக்குப் போயிருக்கிறான். காண்ட்ராக்ட் ஆட்களிடம் அது சகஜம். நோட்டில் இவன் பெயர் எப்படி இருக்கும்? சண்டைக்குத் தயாராக நின்ற டாக்டர் முன்னால் அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நல்ல வேளைங்க, நான் கெடைக்கல. எங்க அக்கா ஆபரேசன்லதான் செத்துச்சி. கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்."

குழந்தையைக் காட்டியதும் அழுகையும் சிரிப்புமாகக் கைகூப்பினான். எங்களுக்கெல்லாம் அப்போதுதான் மூச்சு வந்தது.

சாயங்காலம் டாக்டர் இதைச் செல்லக்கிளியிடம் சொன்னார். அவள் குழந்தையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அவரு வேணாம்னுதான் சொல்லுவாருன்னு தெரியுங்க. கண்ணையன் பேர்ல போயிகினு இருக்காருன்னும் தெரியும். சொன்னா இட்டாந்துடுவீங்கன்னுதான் வாயத் தொறக்கல."

டாக்டர் நேராகத் தன் அறைக்கு வந்தார். மிச்சமிருந்த படிவங்களை எடுத்து வரச் சொன்னார். இருவரும் உட்கார்ந்து, 'கணவர்' என்பதை ஒவ்வொன்றிலும் அடித்துவிட்டு, 'நோயாளி' என்று எழுதினோம். பாதிக் கட்டு முடிந்தபோது அவர் பேனாவை வைத்துவிட்டார்.

"கேட் வரைக்கும் ஆள் அனுப்பிக் கேட்டேன், சந்திரா. அவளைக் கடைசியாத்தானே கேட்டேன்."