டிரம்பெட்காரரின் ஓட்டம்

கும்பகோணம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் ராணுவ பேண்டில் டிரம்பெட் ஊதுபவர். மொடமொடப்பான சீருடையை, தூசி இருக்கிறதோ இல்லையோ, தட்டிக்கொண்டே வந்தார்.

"ஊதுறவனுக்கு எதுக்கு தம்பி துப்பாக்கிப் பயிற்சி? நாயா ஓட விட்டானுங்க." தஞ்சாவூரிலிருந்து இதே புலம்பல்.

ராணுவத்துக்கு எழுத்துத் தேர்வில் தேறியும் ஓட்டத்தில் இரண்டு முறை தோற்றவன் நான். பொறுக்க முடியவில்லை.

"அப்ப யூனிஃபார்மைக் கழட்டிட்டு ஊத வேண்டியதுதானே சார்?"

"கழட்டுனா கல்யாண பேண்டுன்னுல்ல நினைப்பாங்க! பொண்ணு பாக்கப் போறேன், நீங்க வேற."

பாபநாசத்தில் இறங்கியவர் டிரம்பெட் பெட்டியை மறந்துவிட்டார். பஸ் கிளம்பிவிட்டது. பின்னாலேயே ஓடிவந்து, படியில் நின்று நான் நீட்டிய பெட்டியை வாங்கிக்கொண்டார். மூச்சு இரைக்கவில்லை. நின்றதும் சீருடையைத்தான் தட்டினார்.

அப்படி ஓடக் கற்றுக்கொடுத்ததற்கா அந்த மனிதர் அவ்வளவு புலம்பினார்? எனக்கு இன்னும் ஆறவில்லை.